சின்னதை எடு, பெரியதை விடு

மே 11, சனி

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். வில்லோபி ஏரிச் சங்கத்தின் மீன் குழுவுக்கு இன்று மாலை நான் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டேன். தலைவராக இருப்பவரிடம் ஒரு பதிவு இருக்க வேண்டும்.

தெரிவு நடந்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். மண்டபத்தில் மின்விசிறி எங்கள் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியில் இன்னும் குளிர். "தலைவர் பதவிக்கு யாராவது பெயர் சொல்கிறீர்களா?" என்று கேட்டபோது, மின்விசிறியை நிற்பாட்டச் சொல்வதற்காக மலர் கையை உயர்த்தினாள். என் மனைவி என்னை முன்மொழிகிறாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொன்னேன். மின்விசிறி கடைசிவரை சுற்றியது.

பிரச்சினை இதுதான். இந்த ஏரி முழுக்க இப்போது பைக் மீன். எங்கள் ஊர்ச் சீலா மீனைப் போல நீண்ட உடம்பு, வாய் நிறையப் பல். எல்லாம் ஒரே அளவு, ஒரு முழங்கை நீளம். தூண்டிலைப் போட்டால் போட்ட கையோடு கடிக்கும். முன்பு இங்கே பேர்ச் என்ற மஞ்சள் வரி மீன் ஏராளமாக இருந்ததாம். சாப்பிட அவ்வளவு ருசி. அதைப் பிடிக்கத்தான் கோடையில் ஆட்கள் வருவார்கள். இப்போது பேர்ச்சைப் பைக் தின்றுவிட்டது. ஆட்களும் வருவதில்லை. ஓய்வுபெற்றதும் ஸ்காபரோ வீட்டை விற்று இந்தக் கரையில், கோடையில் வாடகைக்கு விடும் நாலு மரக் கேபின் வாங்கியவன் நான். எனவே இந்த மீனைப்பற்றி எனக்கும் அக்கறை உண்டு.

வாழ்நாளில் பாதி ரொறன்ரோ நகரத்தில் பேருந்து ஓட்டினேன். சனத்தைச் சமாளித்தவனுக்கு மீனைச் சமாளிப்பது பெரிய வேலையில்லை.

மே 14, செவ்வாய்

படகை இழுத்துத் தண்ணீரில் விட்டோம். இந்த வருடம் படகு கனத்துப்போயிருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்ததால் தண்ணீர் குடித்திருக்கும் என்று மலரிடம் சொன்னேன்.

"அலுமினியம் தண்ணி குடிக்குமோ?" என்றாள்.

பாதி வழியில் கட்டையொன்றில் உட்கார்ந்து, மேலே பறந்த வாத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அவள் பறவைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே 23, வியாழன்

அரசாங்கத்தின் மீன்வளப் பகுதியிலிருந்து கிளேர் என்ற பெண் வந்து சோதனை வலை போட்டாள். முப்பது வயதிருக்கும். இறப்பர்க் காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்கிறாள். தலைவர் என்ற முறையில் நான் கரையில் நின்று மேற்பார்வை செய்தேன். எதிர்க்கரையில் இருக்கும் ரைனோவும் வந்திருந்தார்.

ரைனோவைப்பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்திலிருந்து வந்த குடும்பம். சுரங்கத்தில் இயந்திரங்கள் திருத்தியவர். மனைவி இறந்து தனியாக இருக்கிறார். வீட்டுச் சுவர் நிறையப் பெரிய பெரிய பைக் மீன்கள், பாடம் செய்து, வாயைத் திறந்தபடி. பெரிது பிடித்தால் சுவரில் மாட்டுவார். சின்னது பிடித்தால் இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் வைத்து, "போ குழந்தை, வளர்ந்து வா" என்று சொல்லி விடுவார். ஏரியில் எல்லாரும் இத்தனை வருடமாக இப்படித்தான்.

கிளேர் வலையில் வந்த ஒரு முழங்கை மீனை வெட்டி, செவுளுக்குப் பின்னாலிருந்து ஓர் எலும்பை எடுத்துக் கழுவினாள். மரத்துக்கு வளையம் இருப்பதுபோல அந்த எலும்பில் வருடத்துக்கொரு கோடு இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பிடித்து எண்ணிவிட்டு, "ரைனோ, நீங்கள் குழந்தை என்று விட்டது இதைத்தான். இது கிழவர்" என்றாள்.

விஷயம் இப்படி. தீனிக்குப் போட்டி கூடியதால் மீன்கள் வளரவேயில்லை, குறுகிப்போய்விட்டன. சின்னப் பைக்கைத் தின்று அதன் தொகையை அடக்கி வைப்பது பெரிய பைக். அந்தப் பெரியதைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்துச் சுவரில் மாட்டிவிட்டோம். ஆகவே இனிச் சின்னதை எடுக்க வேண்டும், பெரியதை விட வேண்டும்.

ரைனோவின் முகம் சிவந்துபோனது. "வாழ்நாள் முழுக்க நான் செய்தது தலைகீழ் என்கிறாயா?" என்று கேட்டார். கிளேர் மரியாதையாக, "ஆம்" என்றாள்.

மலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், கிளேர் சொன்னது விளங்காமல் என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் சின்னதைச் சாப்பிடுறேல்ல?"

"முள்ளு. இங்கிலீஸ் வை எழுத்து மாதிரி ரெண்டாப் பிரியிற முள்ளு. தொண்டையில கொழுவும். வெள்ளைக்காரர் தொடமாட்டினம்."

"அவைக்கு முள்ளெடுக்கத் தெரியாது," என்று சொல்லிவிட்டு நாலு கிழவர்களை வாளியில் போட்டுக்கொண்டு போனாள்.

மே 24, வெள்ளி

குழம்பு. தொண்டையில் முள். சோற்று உருண்டை இரண்டு, பாண் துண்டு, வாழைப்பழம் ஒன்றரை. மலர் முதுகில் தட்டினாள். வெள்ளைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மே 26, ஞாயிறு

இன்று கட்லட். மீனை அவித்துப் பெரிய முள்ளை எல்லாம் விரலால் எடுத்து, மிச்சத்தைக் கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இரண்டு தரம் விட்டாள். முள் மாவாகிவிட்டது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, தேசிக்காய்ப் புளி. பாண்தூளில் புரட்டிப் பொரித்தாள்.

எனக்கு மூன்றுதான் தந்தாள்.

"எண்ணெய்ச் சாப்பாடு உங்களுக்குக் கூடாது."

"ஏன் கூடாது? எனக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும்," என்றாள். குசினியைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்.

ஜூன் 2, ஞாயிறு

குழுக் கூட்டம். புதிய விதியை நான் அறிவித்தேன். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இருக்கும் பைக்கை, மீன்பிடி உரிமத்தில் அனுமதித்த அளவு, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதைவிடப் பெரியதைத் தண்ணீரிலேயே விட வேண்டும். கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். இதை ஓர் உரையாகத் தயார் செய்து, பேருந்தில் தரிப்பிடம் அறிவித்த அந்தக் குரலில் பேசினேன்.

உரைக்கு நல்ல வரவேற்பு. எல்லாரும் மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்று கேட்டார்கள். அங்கேதான் மலர் கட்லட் தட்டை வைத்திருந்தாள்.

ரைனோ கைகளைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். சின்ன மீனைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தார். மலர் அவருக்கு முன்னால் தட்டை நீட்டினாள். மரியாதைக்கு ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. உரையின் இரண்டாம் பகுதி முழுவதும் அவர் தட்டின் பக்கத்திலேயே நின்றதை நான் மேடையிலிருந்து கவனித்தேன். கடைசியில், இது என்ன கோழியா என்று கேட்டார்.

"பைக்," என்றாள் மலர்.

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்ததையும் சாப்பிட்டு முடித்தார்.

என் உரை அவர் மனதை மாற்றியிருப்பதாக நினைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆரபி தொலைபேசியில் பேசினாள். எங்கள் ஒரே மகள், ஸ்காபரோவில் இருக்கிறாள். தாயும் தகப்பனும் நரகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதுபோலத்தான் எப்போதும் கதைப்பாள்.

"அப்பா, ஹார்ட் டொக்டரிட்டப் போனனீங்களோ?"

"அது தள்ளிப்போட்டிட்டினம் பிள்ளை."

"ஆர் தள்ளிப்போட்டது? அவையோ, நீங்களோ?"

"இஞ்ச சரியான வேலை. இப்ப மீன் குழுவுக்கு நான்தானே..."

"அம்மாட்டச் சொன்னனீங்களோ?"

"கொம்மாவை ஏன் பயப்படுத்துவான். சும்மா ஒரு செக்கப்."

பேசும்போது வெளி விறாந்தையில் நின்றேன். மலர் குசினியில்தான் இருந்தாள். யன்னல் திறந்திருந்தது, ஆனால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்காது.

உண்மையைச் சொன்னால் இது ஒன்றுமேயில்லை. மேடு ஏறினால் நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். நின்றால் போய்விடும். இந்தப் பகுதியில் மேடு அதிகம்.

ஜூன் 15, சனி

மலர் திடீரென்று, "எனக்கு மோட்டர் படகு ஓடப் பழக்கிவிடுங்கோ," என்றாள்.

ஆச்சரியமாக இருந்தது. வந்த நாளிலிருந்து இந்த இடத்தில் அவளுக்குப் பிடித்ததென்று எதுவும் இருந்ததில்லை. நுளம்புக் கடி, குளிர், கோயில் இல்லை, கருவேப்பிலை இல்லை, கதைக்க ஒரு சனம் இல்லை. தண்ணீரைக் கண்டாலே பயம்.

"உமக்கு எதுக்கு இப்ப உந்த வேலை?"

"சும்மா ஓர் ஆசை."

சொல்லிக்கொடுத்தேன். கயிற்றை இழுத்து இயந்திரத்தை முடுக்குவது, கைப்பிடியைத் திருப்புவது, கரை வந்ததும் வேகத்தைக் குறைப்பது. நான் நல்ல ஆசிரியன். மாலைக்குள் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தாள். எதிர்க்கரையில் ஊர்ப்பக்கத்து இறங்குதுறைக்குப் போகும் வழியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நடுவில் தண்ணீருக்குக் கீழே பாறை இருக்கிறதே, அதை எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்று. எங்கள் பக்கத்திலிருந்து ஊருக்குத் தரைவழியாகப் போனால் ஏரியை முழுக்கச் சுற்ற வேண்டும், அதுவும் கல்லும் மண்ணுமான கிரவல் வீதி. படகில் நேரே போய்விடலாம். இறங்குதுறைக்கு மேலேதான் கடை, தபாற்கந்தோர், தாதிமார் நடத்தும் சிறிய மருத்துவ நிலையம்.

கடைக்குப் போக ஆசைப்படுகிறாள் போலும். ஏரி கடைசியில் அவளுக்கும் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

ஜூன் 20, வியாழன்

மலர் படகில் தனியே ரைனோ வீட்டுக்குக் கட்லட் கொண்டுபோனாள். நெடுநேரம் கதைத்தாளாம். மலரின் ஆங்கிலமும் ரைனோவின் ஆங்கிலமும் சேர்ந்து எந்த மொழியில் கதைத்தன என்று தெரியவில்லை. என்ன விஷயம் என்றதற்கு, "மீன் விஷயம்," என்றாள்.

ஜூலை 6, சனி

இரவு எழுதுகிறவன் நான், இன்று பின்னேரமே எழுதுகிறேன். களைப்பு.

ஸ்காபரோவிலிருந்து எங்கள் சனம் வந்து இறங்கியது. "வில்லோபி ஏரிக்கு வாருங்கள், சின்னப் பைக் பிடியுங்கள்" என்று நான்தான் அழைத்திருந்தேன். ஐந்து வாகனம். பெரிய சட்டி, அடுப்பு, மடக்குக் கதிரை, பிள்ளைகள். நாலு கேபினும் நிறைந்து, மிச்சப்பேர் கூடாரம் அடித்தார்கள். கரை முழுக்கத் தூண்டில். நாங்கள் வாங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு சனிக்கிழமையைக் கண்டதில்லை.

ரைனோ அளவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு பொலிஸ்காரரைப்போல நடந்து திரிந்தார். காலையில் முறைத்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் ஓர் அம்மாவுக்குக் கொக்கி கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணியளவில் குகதாசன் கத்தினான். என்னோடு ஒன்றாகப் பேருந்து ஓட்டியவன். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. கரைக்கு வந்ததைப் பார்க்க எல்லாரும் கூடிவிட்டோம். ஒரு பிள்ளையின் உயரம். இந்த ஏரியில் இப்படியொன்று மிச்சமிருக்கிறதென்று கிளேருக்கே தெரிந்திருக்காது.

ரைனோ அளக்கவே இல்லை. "விட வேண்டும்," என்றார்.

"மச்சான், இந்தாளுக்குச் சொல்லு," என்றான் குகன். "இவ்வளவு தூரம் ஓடி வந்தது முழங்கை மீனுக்கே? பிள்ளையளுக்குக் காட்டவேணும். கட்டாயம் இல்லைத்தானே, உங்கட வேண்டுகோள்தானே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குகன் என் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். என் மகள் பிறந்த இரவு எனக்குப் பதிலாக வேலைக்குப் போனவன். அந்த மீனும் என்னைப் பார்த்தது. நானே வாழ்நாளில் இப்படியொரு மீன் பிடித்ததில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

"விடு குகா," என்றேன்.

"உண்மையாச் சொல்லுறியோ?"

"நூறு சின்னதை இது ஒண்டு அடக்கும். படத்தை எடுத்துப்போட்டு விடு."

அவன் படமும் எடுக்கவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய்க் கூடாரத்துக்குள் இருந்துவிட்டான். மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது மூச்செடுக்கும்வரை வைத்திருந்தது ரைனோ. இந்த முறை குழந்தை என்று சொல்லவில்லை.

மலர் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு குகனின் கூடாரத்துக்குப் போனதைக் கண்டேன். அவள் என்ன சொன்னாளோ, வெளியே வந்தான். என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

பிறகு ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கி வாகனத்தில் ஏற்றினேன். பிறகு கொஞ்ச நேரம் வாகனத்துக்குப் பின்னால் இருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

எல்லாரும் போய்விட்டார்கள். ஏரி அமைதி. நானும்.

ஜூலை 18, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். ஆரபி பேனை கொண்டுவந்து தந்தாள். தலைவர் என்ற முறையில் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சென்ற வியாழன் காலை, மிதவைத் துறையில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மேடும் இல்லை, பாரமும் இல்லை. அந்த உள்ளங்கை வந்தது. நின்றால் போய்விடும் என்று எழுந்து நின்றேன், போகவில்லை. இடது கை முழுக்கப் பரவியது. வியர்த்தது. கத்தியை வைத்துவிட்டுத் துறையின் பலகையில் சாய்ந்தேன்.

மலர் கேபினிலிருந்து ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். வரும்போதே தொலைபேசியில், "ரைனோ, நவ்," என்று சொன்னது கேட்டது. அவ்வளவுதான் சொன்னாள்.

"வாயைத் திறவுங்கோ. இதைச் சப்புங்கோ, முழுசா விழுங்காதேங்கோ."

அஸ்பிரின். அது அவளுடைய சட்டைப்பையில் எப்படி இருந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னைப் படகுக்குள் உருட்டி, மிதவை அங்கியைத் தலைக்குக் கீழே வைத்தாள். ஒரே இழுவையில் இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். நான் ஒருநாளும் ஒரே இழுவையில் முடுக்கியதில்லை.

படகின் அடியில் கிடந்து வானத்தைப் பார்த்தபடி வந்தேன்.

"வலப்பக்கம் பாறை," என்றேன்.

"தெரியும்."

"வேகத்தைக் கொஞ்சம் குறையும். மோட்டர் சூடாகும்."

"தலைவர் கதைக்காதேங்கோ."

தண்ணீர் முகத்தில் தெறித்தது. அவளுடைய கால் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திருப்பிப் பாறையைச் சுற்றினாள்.

"மலர், அந்த டொக்டர் திகதி..."

"அவை வீட்டுக்குப் போன் அடிச்சவை. மே மாசமே எனக்குத் தெரியும்."

"பேந்து ஏன் கேக்கேல்ல?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, கரையைப் பார்த்தபடி, "சொல்லமாட்டியள் எண்டும் தெரியும். அதுதான் படகு பழகினனான்," என்றாள்.

நான் கண்களை மூடிக்கொண்டேன். நெஞ்சுவலியால்தான்.

இறங்குதுறையில் ரைனோ முழங்கால் தண்ணீரில் நின்றார். பின்னால் மருத்துவ நிலையத்து வாகனம், கட்டில், இரண்டு தாதிமார். ரைனோ என்னை இரண்டு கையாலும் தாங்கித் தூக்கினார். அங்கிருந்து ஹெலிகொப்டர், நகரத்து ஆஸ்பத்திரி, இரத்தக்குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருள். தரைவழியாக வந்திருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று மலரைக் கேட்டார். "போட்," என்றாள் அவள்.

இதை எழுதும்போது அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே நித்திரை. வாய் திறந்திருக்கிறது. சொன்னால் நம்பமாட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

குகன் நாலு மணித்தியாலம் கார் ஓடிவந்து பார்த்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதில் தொங்கிய அட்டையை வாசித்தான். பிறகு, "அந்த மீனைப் படம் எடுத்திருக்கலாம் மச்சான்," என்றான்.

"நான் சொன்னனான்தானே."

"நீ எப்பவும் சொல்லுவாய்," என்று சொல்லி என் காலைப் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஏரிக்குத் திரும்பி வந்தாயிற்று. பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, படகு இழுக்கக் கூடாது. மடக்குக் கதிரையில் இருந்து மேற்பார்வை செய்யலாம். அதைத்தானே இதுவரை செய்தீர்கள் என்கிறாள் மலர்.

நான் இல்லாதபோது குழுக் கூட்டம் ஒன்று நடந்திருக்கிறது. எனக்குப் பதிலாக மலரைத் தலைவராக்கிவிட்டார்கள். இந்த முறை அவள் கையை உயர்த்தவேயில்லையாம், மற்ற எல்லாரும் உயர்த்தினார்களாம். என்னைக் கௌரவத் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள். கௌரவத் தலைவருக்கு என்ன வேலை என்று ரைனோவிடம் கேட்டேன். கட்லட்டில் உப்புப் பார்ப்பது என்றார்.

எனக்கு இப்போது ஒரு கட்லட்தான். அதுவும் எண்ணெய் இல்லாமல் அவணில் வைத்தது. ரைனோ என் கண் முன்னாலேயே பொரித்ததைச் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 17, சனி

ஆரபி வந்திருக்கிறாள். கேபின்களை விற்றுவிட்டு ஸ்காபரோவுக்கு வரச்சொல்கிறாள். அவள் சொல்வதில் பிழையில்லை. இரவு சாப்பிடும்போது நான் மலரிடம் சொன்னேன், விற்போம் என்று. எனக்கு மனமில்லைதான். ஆனால் இத்தனை காலம் என் ஆசைக்காக அவள் இந்த நுளம்புக்குள் கிடந்தாள், இனி அவளுக்குப் பிடித்த இடத்தில் இருப்போம் என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன். என் வாயால் இப்படி வந்தது எனக்கே புதினம்.

மலர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"விக்கிறதெண்டா ஆரைக் கேட்டு விக்கிறியள்?"

"உமக்கு இஞ்ச பிடிக்காதே."

"வாங்கேக்கையும் எனக்குப் பிடிக்கும் எண்டு நீங்களே சொன்னனீங்கள். இப்ப பிடிக்காது எண்டும் நீங்களே சொல்லுறியள். ஒருக்கா என்னட்டையும் கேளுங்கோவன்."

ஆரபி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

கேட்டேன். "உமக்குப் பிடிச்சிருக்கோ?"

"நுளம்பு பிடிக்காது. குளிர் பிடிக்காது," என்றாள். "மிச்சத்தைப் பாப்பம்."

கடைசியில் முடிவானது இது. பனிக்காலம் ஸ்காபரோவில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஆரபி வீட்டின் கீழ்த்தளத்தில். பனி உருகியதும் இங்கே. ஆரபிக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கதைக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று வந்த கடைசிக் குழுவினர் சின்னப் பைக்கை வாளி வாளியாகக் கொண்டுபோனார்கள். எப்படி முள்ளெடுப்பது என்று மலர் செய்து காட்டினாள். முக்கால்வாசிப்பேர் வெள்ளைக்காரர். ரைனோ மொழிபெயர்த்தார். மலரின் ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு.

அக்டோபர் 5, சனி

நாளை புறப்படுகிறோம். கேபின்களுக்குத் தண்ணீர் மூடியாயிற்று. இலையெல்லாம் மஞ்சள். காலையில் துறைப் பலகையில் வெள்ளையாக உறைபனி.

கிளேர் வருட முடிவுச் சோதனை வலை போட வந்தாள். வலையை இழுத்தபோது நாங்கள் மூன்றுபேரும் கரையில் நின்றோம், நான், மலர், ரைனோ. பெரிய மாற்றம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை கட்லட் சாப்பிட்டிருக்கிறோமே. வலை நிறைய அதே முழங்கை நீளப் பைக். ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் துள்ளின. எனக்கு மனம் விழுந்துபோனது. ரைனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

பிறகு கிளேர் வலையின் மூலையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பேர்ச் குஞ்சுகள், சுண்டுவிரல் நீளம். ஐந்தாறு இருக்கும். மஞ்சள் வரி இப்போதுதான் விழத் தொடங்கியிருக்கிறது. மே மாதம் போட்ட வலையில் ஒன்றுகூட இருக்கவில்லை.

"இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது," என்றாள் கிளேர். "ஒரு கோடை போதாது. இதேபோல விடாமல் செய்தால், ஐந்து வருடத்தில் ஏரி திரும்பலாம். திரும்பும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஐந்து வருடம் வருவீர்களா?"

கேள்வி எங்கள் எல்லாருக்கும்தான், ஆனால் நான் தரையைப் பார்த்தேன். ஐந்து வருடம் என்றால் என் வயதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். போன கிழமை இதய டொக்டரிடம் நானும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். அவரும் மரியாதையான மனிதர், உறுதி தரவில்லை. அதை மலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

மலர் கிளேரின் கையிலிருந்து அந்தக் குஞ்சுகளைத் தன் கைக்கு வாங்கிக் குனிந்து தண்ணீரில் விட்டாள். கையைச் சேலைக்கு மேல் போட்டிருந்த குளிர்ச்சட்டையில் துடைத்தாள். அவள் மனதுக்குள் ஆங்கிலத்தைத் தயார் செய்வது முகத்தில் தெரிந்தது.

"ஃபைவ் இயர்ஸ், ஓகே," என்றாள். "வீ கம்." பிறகு என்னைக் காட்டி, "ஹீ ஆல்சோ."

ரைனோ தானும் வருவதாகச் சொன்னார். எங்கேயிருந்து வருவீர்கள், இங்கேதானே இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நிற்க முடியாமல் குனிந்து வலையின் ஒரு நுனியைப் பிடித்தேன்.

"விடுங்கோ," என்றாள் மலர். கிளேரும் ரைனோவும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார்கள்.